வியர்வை ஒன்று, விழிப்பு இன்னொன்று

மாதவிடாய் நிற்கும் காலத்து இரவுகளைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலான பெண்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: "ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்டுது, தூக்கமே இல்லை." இதில் இரண்டு தொல்லைகள் சேர்ந்திருக்கின்றன. உடம்பு சூடேறி வியர்ப்பது ஒன்று. வியர்த்து அடங்கிய பிறகும் தூக்கம் திரும்பாமல் கிடப்பது இன்னொன்று. முதலாவது சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டாவதுதான் இரவைத் தின்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் எதற்குமே வழியில்லை என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியது இருக்கிறது. எனக்கு அப்படித்தான் வழி கிடைத்தது. இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

எனக்குப் பீரியட்ஸ் ஏறக்குறைய ஒழுங்காக வந்துகொண்டிருந்தபோதே இது தொடங்கிவிட்டது. நின்ற பிறகுதான் இதெல்லாம் வரும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வருவது சாதாரணம். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். பெரும்பாலோருக்கு 45-லிருந்து 55 வயதுக்குள் அது நடக்கும். அதற்கு முந்தைய அந்த ஏற்ற இறக்கக் காலத்தில்தான் பலருடைய தூக்கம் முதலில் ஆட்டம் காண்கிறது.

வருவதற்குச் சில நொடிகள் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். காரணமே இல்லாத ஒரு படபடப்பு. நெஞ்சு துடிக்கும். மார்புக்குள்ளிருந்து வெப்பம் கிளம்பிக் கழுத்து, முகம், உச்சந்தலை வரை ஏறும். போர்வையை உதறித் தள்ளுவதற்குள் முதுகு நனைந்திருக்கும். அப்புறம் குளிரும். ஈரத் துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு பற்கள் நடுங்குகிற அளவுக்குக் குளிரும். அதற்குள் தூக்கம் முழுவதும் கலைந்து, கை தானாகக் கைப்பேசியைத் தேடி மணி பார்க்கும்.

உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டபோது எனக்குப் பயம் பாதியாகக் குறைந்தது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. உடம்பின் வெப்பத்தைக் கண்காணிப்பது அதன் வேலைகளில் ஒன்று. உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது பொறுத்துக்கொள்ளும். குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால்தான் வியர்க்க வைக்கும், அல்லது நடுங்க வைக்கும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃப்ரீட்மன் இந்த இடைவெளியை அளந்து பார்த்தார். வெப்பத் தாக்குதல் (மேலே சொன்ன அந்தத் திடீர் வெக்கை) இல்லாத பெண்களிடம் அது சுமார் 0.4 டிகிரி செல்சியஸ் இருந்தது. அந்தத் தொல்லை இருந்த பெண்களிடம் ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. அதாவது மற்றவர்கள் உணரவே முடியாத சிறு ஏற்றம்கூட நம் உடம்புக்குப் பெரிய வெக்கையாகப் படுகிறது. உடனே தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகிறது, வெப்பம் வெளியேறுகிறது. தேவைக்கு மேல் வெளியேறிவிடுவதால்தான் பின்னாலேயே அந்த நடுக்கம்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது ஹைப்போதலாமஸில் உள்ள ஒரு வகை நரம்பணுக்கள் கட்டுப்பாடு தளர்ந்து மிகையாக வேலை செய்யத் தொடங்குகின்றன. அவை நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளைச் சுரந்து வெப்பக் கட்டுப்பாட்டைக் குழப்புகின்றன. இதைக் கண்டறிந்ததால்தான் ஹார்மோன் இல்லாத புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இங்கே சொல்ல வேண்டியது இதுதான்: மனம் பலவீனமாக இருப்பதால் வருவதல்ல இது. கற்பனையும் அல்ல. "எல்லாம் டென்ஷன்" என்று யாராவது சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் 1990-களில் தொடங்கி, பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற பெரிய ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அடிக்கடி வெப்பத் தாக்குதல் வந்த பெண்களிடம் அது நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள். கடைசி மாதவிடாய்க்குப் பிறகு மட்டும் 4.5 ஆண்டுகள். பீரியட்ஸ் நிற்பதற்கு முன்பே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீண்டது. என்னைப் போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை. ஆனால் "ஆறு மாசம் பொறுத்துக்கோ, சரியாயிடும்" என்ற ஆறுதலை நம்பிக் காத்திருப்பதைவிட, இந்த எண் தெரிந்திருப்பது நல்லது. ஆறு மாதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ஏழு ஆண்டுகளை அப்படி ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது.

இனி விழிப்பைப் பற்றி. என் அக்கா எனக்கு முன்பே இந்தக் காலத்தைக் கடந்தவள். ஒருநாள் தொலைபேசியில் நான் புலம்பியபோது, "வியர்த்தா விழிக்கிறியா, விழிச்சதுக்கப்புறம் வியர்க்குதா, என்னைக்காவது கவனிச்சிருக்கியா?" என்று கேட்டாள். விசித்திரமான கேள்வி என்று அப்போது தோன்றியது. பிறகு படித்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அதே ஃப்ரீட்மன் தூக்கத்தையும் ஆராய்ந்திருக்கிறார். இரவின் முன்பாதியில் பெரும்பாலும் வெப்பத் தாக்குதல் முதலில் வந்து, பிறகு விழிப்பு வந்தது. பின்பாதியில் இது தலைகீழானது: பலமுறை விழிப்பு முதலில், வெப்பம் பிறகு. கனவுகள் நிறைந்த தூக்க நிலை இரவின் பின்பாதியில்தான் அதிகம். அந்த நிலையில் உடம்பின் வெப்பக் கட்டுப்பாடு அடங்கியிருக்கும் என்பது இதற்கு அவர் தந்த விளக்கம்.

அதாவது விடியற்காலை விழிப்புக்கெல்லாம் வியர்வை காரணமில்லை. சிறுநீர் முட்டி விழிக்கலாம், கால் குடைச்சலில் விழிக்கலாம், மூச்சுத் தடைப்பட்டு விழிக்கலாம், பிள்ளையைப் பற்றிய கவலையில் விழிக்கலாம். விழித்த பிறகு வியர்க்கும்போது பழி மொத்தமும் வியர்வை மேல் விழுகிறது.

விழித்த பின் தூக்கம் ஏன் திரும்புவதில்லை? இங்கேதான் பழக்கம் என்ற பெரிய விஷயம் வருகிறது. சில வாரம் தொடர்ந்து படுக்கையில் விழித்துக் கிடந்தால், படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. போதாததற்கு, இழந்த தூக்கத்தைப் பிடிக்கலாம் என்று சீக்கிரம் படுக்கிறோம், காலையில் கூடுதலாகப் புரள்கிறோம், மதியம் ஒரு தூக்கம் போடுகிறோம். எல்லாமே நியாயமாகத் தோன்றும், எல்லாமே இரவுத் தூக்கத்தின் பசியைக் குறைக்கும். வியர்வை குறைந்த இரவுகளில்கூட உடம்பு பழைய நேரத்துக்குத் தானாக விழித்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். நீளமான பெயர், எளிமையான சங்கதி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக இதைத்தான் முதலில் முயல வேண்டும் என்று மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்களுக்குத் தொலைபேசி வழியாகவே இதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. அதில் வெப்பத் தாக்குதல்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் தூக்கம் தெளிவாகத் தேறியது, வெப்பத் தாக்குதல் அன்றாட வாழ்க்கையைக் கெடுப்பதும் குறைந்தது. வியர்வை அப்படியே இருக்க, தூக்கம் மட்டும் தேற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அந்த முறையில் நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு நோட்டில் காலையில் எழுந்ததும் உத்தேசமாக எழுதினேன்: எப்போது படுத்தேன், எப்போது தூங்கியிருப்பேன், எத்தனை முறை விழித்தேன், எப்போது எழுந்தேன். இரவில் மணி பார்ப்பதை அடியோடு நிறுத்தினேன். கடிகாரம் சுவர்ப்பக்கம் திரும்பியது, கைப்பேசி அடுத்த அறைக்குப் போனது. எழுதிப் பார்த்தபோது கணக்கு பளிச்சென்று தெரிந்தது. படுக்கையில் இருப்பது எட்டரை மணி நேரம், தூங்குவது ஆறுக்கும் குறைவு.

அடுத்தது கடினமான படி. படுக்கையில் இருக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்தின் அளவுக்குச் சுருக்க வேண்டும். ஆறு மணி நேரம் தூங்குகிறவர் ஆறு மணி நேரம்தான் படுக்கையில் இருக்கலாம். எழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தைப் பின்னால் தள்ள வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதமாவது தூங்குகிற நிலை வந்ததும், கால் மணி நேரம், கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். முதல் சில நாட்கள் பகலில் கண் எரியும், எரிச்சலாக வரும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. வலிப்பு நோய் உள்ளவர்கள், இருதுருவ மனநிலைக் கோளாறு உள்ளவர்கள், நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மருத்துவரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

இன்னொரு விதி: விழித்துக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனதுபோலத் தோன்றினால் எழுந்து வெளியே வந்துவிடுவது. அக்கா இதையும் படிக்காமலே சொல்லியிருந்தாள். "படுத்துக்கிட்டே போராடாத. எழுந்து போய் உட்காரு, தூக்கம் கண்ணைச் சுழட்டினப்புறம் வா." மங்கலான விளக்கில் நாற்காலியில் உட்கார்ந்து, முன்பே படித்த புத்தகம் ஒன்றைப் புரட்டுவேன். புதுப் புத்தகம் கூடாது, முடிவு தெரிய வேண்டும் என்ற ஆவல் வந்துவிடும். இந்த விதியில் எனக்குப் பிடித்தது, தூங்கியே ஆக வேண்டும் என்ற கெடு மனத்திலிருந்து நீங்குவது. "இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு, நாளைக்கு என்ன கதி" என்ற கணக்கு தூக்கத்துக்குப் பெரிய எதிரி.

வியர்க்கும்போது மனத்தில் ஓடும் வாக்கியங்களுக்கும் பங்கு உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உளவியலாளர் மைரா ஹண்டர் இதைத்தான் நெடுங்காலம் ஆராய்ந்தார். "ஐயோ, மறுபடியுமா" என்று உடம்பை இறுக்கிக்கொள்வதற்குப் பதில், தோளைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மெதுவாக மூச்சு விட்டு, அது ஏறி இறங்கட்டும் என்று விட்டுவிடுவது. மூச்சுப் பயிற்சி மட்டும் வியர்வையைக் குறைத்துவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் வியர்வையைத் தொடர்ந்து வரும் பதற்றத்தை அது அடக்குகிறது, தூக்கம் திரும்ப எனக்கு அதுவே பெரிய உதவி.

படுக்கை ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனமான ஒரே போர்வைக்குப் பதில் மெல்லியவை இரண்டு, ஒன்றை மட்டும் தள்ளிவிட வசதியாக. கணவர் ஒருபக்கம் போர்த்திக்கொள்ள, நான் ஒருபக்கம் உதற, ஒரே போர்வைக்குள் இரண்டு பருவகாலம் நடத்த முடியாது. அதனால் ஆளுக்கொன்று. மெத்தை மேல் போடும் தண்ணீர் புகாத உறைகளில் பல வெப்பத்தைப் பிடித்து வைக்கும், அதைக் கழற்றியதிலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு துண்டும் மாற்று மேலாடையும், விளக்குப் போடாமலே மாற்றிக்கொள்ளும்படி. அறையில் காற்று ஓட்டம் அவசியம், வியர்வை உலர்வதால்தான் உடம்பு குளிர்கிறது. சூடான பானம், மது, காரமான உணவு சிலருக்குத் தூண்டுதல். உங்களுக்கு எது என்பதை நோட்டில் எழுதிப் பார்த்தால் தெரியும், எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுத் தொலைக்க வேண்டியதில்லை. மதுவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: அது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

இரவு வியர்வை என்றாலே மாதவிடாய் நிற்பதுதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. காசநோய், தைராய்டு மிகையாகச் சுரப்பது, நிணநீர்ப் புற்றுநோய், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு இரவில் சர்க்கரை இறங்குவது, சில மனச்சோர்வு மாத்திரைகள் எல்லாமே இரவில் வியர்க்க வைக்கும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விடாத இருமல், கழுத்திலோ அக்குளிலோ கட்டி, இவற்றில் ஏதாவது கூட இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள். ஓராண்டு பீரியட்ஸ் நின்ற பிறகு மறுபடி இரத்தம் பட்டாலும் அப்படியே.

தூக்கம் கெடுவதற்கும் வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் ஆண்களுக்குத்தான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களிடமும் அது கூடுகிறது. குறட்டை, காலையில் தலைவலி, எவ்வளவு தூங்கினாலும் போதாத அசதி இருந்தால் அதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் தொல்லைக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணம். பீரியட்ஸ் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் பலருக்கு இரத்தப்போக்கு மிக அதிகமாக இருக்கும், அதில் உடம்பின் இரும்பு இருப்பு கரைந்துவிடும். எனக்கு இதுவும் இருந்தது. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற சோதனையும் வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். நான் முதலில் பார்த்த மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இந்த வயசுல இது சகஜம்தாம்மா" என்று சொல்லி ஒரு தூக்க மாத்திரையை எழுதித் தந்தார். சகஜம் என்பது உண்மைதான். நான்கில் மூன்று பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் வெப்பத் தாக்குதல் வருகிறது. சகஜமாக வருவதற்கெல்லாம் சிகிச்சை வேண்டாம் என்று எப்படி ஆகும்? அந்த ஒரு வார்த்தையால் எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

வியர்வையைக் குறைப்பதில், குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் ஹார்மோன் சிகிச்சைக்கு நிகராக இதுவரை எதுவும் இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட வெப்பத் தாக்குதல்களின் எண்ணிக்கையைச் சுமார் 75 சதவீதம் அது குறைத்தது. அப்படியிருக்க ஏன் இத்தனை பயம்? 2002 ஜூலையில் அமெரிக்காவின் பெண்கள் நல ஆய்வு, ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போலச் செயல்படும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை பற்றிய சோதனையைப் பாதியில் நிறுத்தியது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக் கட்டி ஆகியவை கூடியிருந்தன. செய்தி உலகம் முழுவதும் பரவியது, பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். ஆனால் அந்தச் சோதனையில் இருந்த 16,608 பெண்களின் சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோயின் கூடுதல், ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் எட்டுப் பேர். இந்த விவரங்கள் தலைப்புச் செய்திகளில் ஏறவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால், வேறு தடை இல்லாத பெரும்பாலான பெண்களுக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு.

தடை யாருக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், கால் இரத்தக் குழாயிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கக் கூடாது. அதன் உட்சுவரைக் காக்கப் புரோஜெஸ்டிரோன் கூடவே வேண்டும். நுண்துகள் வடிவப் புரோஜெஸ்டிரோனை இரவில் எடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் அது கொஞ்சம் தூக்கம் வரவழைக்கும். தூக்கம் கெட்டவர்களுக்கு இது உபரி லாபம். தோலில் ஒட்டும் பட்டை வடிவ ஈஸ்ட்ரோஜனில், மாத்திரையைவிட இரத்தக் கட்டி ஆபத்து குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஹார்மோன் வேண்டாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வென்லாஃபாக்சின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சிறிய அளவில் வெப்பத் தாக்குதலைக் குறைக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் எடுப்பவர்கள் இதே வகையைச் சேர்ந்த பராக்சிட்டினைத் தவிர்க்க வேண்டும், அது டாமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும். இரவில்தான் தொல்லை அதிகம் என்பவர்களுக்குக் காபாபென்டின் பொருந்தலாம், அது தூக்கமும் தரும், காலையில் கொஞ்சம் கிறுகிறுப்பும் தரும். நான் முன்பு சொன்ன நியூரோகைனின் வழியைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் இடையிடையே இரத்தப் பரிசோதனை அவசியம். எலின்சானெட்டன்ட் என்ற இன்னொன்று 2025-இல் வந்திருக்கிறது, சோதனைகளில் வியர்வையோடு தூக்கத்தையும் அது மேம்படுத்தியது. மூலிகை மாத்திரைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். பிளாக் கோஹோஷ் உள்ளிட்டவை வெற்று மாத்திரையைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக அளவில்லாமல் எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் கேட்கப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டு போங்கள். "தூக்கம் சரியில்லை" என்று சொன்னால் தூக்க மாத்திரைதான் வரும். "இரவில் இத்தனை முறை வியர்த்து விழிக்கிறேன், வியர்வை நின்ற பிறகும் இவ்வளவு நேரம் விழித்திருக்கிறேன், கால் குடைகிறது, பீரியட்ஸ் கடைசியாக இந்தத் தேதியில் வந்தது" என்று பிரித்துச் சொன்னால் பேச்சே வேறு திசையில் போகும். நான் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார், பிறகுதான் கேள்வி கேட்டார். எனக்கு இப்போது ஹார்மோன் பட்டையும் இரவுப் புரோஜெஸ்டிரோனும் இரும்புச்சத்தும் நடக்கின்றன, கூடவே அந்த நாற்காலி விதியும். வியர்வை முற்றிலும் நின்றுவிடவில்லை. வந்தால் மேலாடையை மாற்றிக்கொண்டு பெரும்பாலும் தூங்கிவிடுகிறேன். எந்த மருந்தைத் தொடங்கினாலும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை மறுபடி போய்ச் சொல்லுங்கள். பலன் போதவில்லை என்றால் அளவைக் கூட்டலாம், வடிவத்தை மாற்றலாம், வேறொன்றுக்குப் போகலாம். முதல் மருந்து பொருந்தவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.